எழுந்து போகும் உரிமை



இந்தச் சொற்பொழிவு யாருடைய நினைவில் நடக்கிறதோ அவர் நீதிபதியாகவோ வழக்கறிஞராகவோ இருந்தவர் இல்லை. நாற்பது ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். போன மாதம் அவருடைய மகள் என்னை வீட்டுக்கு அழைத்து, பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கிக் காட்டினார். பெட்டி நிறைய டைரிகள், ஆண்டுக்கு ஒன்று. தேதி, வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், அன்று நடந்தது, அடுத்த வாய்தா என்று பென்சிலில் வரிசையாக எழுதியிருந்தார். அதில் ஒரு பாகப்பிரிவினை வழக்கை மட்டும் டைரி டைரியாகத் தேடிக்கொண்டு போனேன். 1979-ல் பிராது தாக்கல் ஆகிறது. பதினோராவது டைரியில் வாதியின் பெயருக்கு எதிரே 'காலமானார்' என்று எழுதி, வாரிசுகளைச் சேர்க்க மனு. பதினேழாவது டைரியில் முதல்நிலைத் தீர்ப்பாணை. அதன் பிறகு கமிஷனர் மனு, ஆட்சேபணை, வாய்தா, வாய்தா. இறுதித் தீர்ப்பாணை எந்த டைரியிலும் இல்லை. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். வழக்கு ஓய்வு பெறவில்லை.

இன்று நாட்டின் மாவட்ட, கீழமை நீதிமன்றங்களில் மட்டும் நான்கு கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன. அந்த எண்ணைக் கேட்டால் நமக்கு ஒன்றும் உறைப்பதில்லை. அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்தபோது எனக்கு உறைத்தது.

நான் சமரசத்தின் பக்கம் நிற்பவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் தொடங்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்து இயங்கும் சமரச மையங்களில் இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதற்கு முன்னின்றவர். பிறகு அது மாவட்டங்களுக்கும் வந்தபோது பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். இருபது ஆண்டுகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அண்ணன் தம்பிகள் ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனதைக் கண்டிருக்கிறேன். எந்தத் தீர்ப்பாணையாலும் செய்ய முடியாத காரியம் அது. அதனால்தான், அந்த நல்ல காரியம் எங்கே கெட்டுப்போகிறது என்பதைச் சொல்ல எனக்குக் கடமை இருப்பதாக நினைக்கிறேன்.

2018-ல் ஒரு சனிக்கிழமை, தேசிய லோக் அதாலத். எங்கள் அமர்வில் ஒரு நீதிபதி. வழக்கறிஞர் உறுப்பினராக நான். மேஜை மேல் கட்டுக் கட்டாக விபத்து இழப்பீட்டு வழக்குகள். முற்பகலில் ஓர் இளம் பெண் வந்து நின்றார். கணவர் கொத்தனார், வயது 34, லாரி மோதி இறந்தவர். இரண்டு குழந்தைகளும் வயதான மாமியாரும் அவர் பொறுப்பில். இன்சூரன்ஸ் தரப்பு 14 லட்சம் தருவதாகச் சொன்னது. "இன்னைக்கு முடிச்சா பணம் சீக்கிரம் கைக்கு வந்துரும்மா. இல்லேன்னா கேஸ் நடக்கணும், அப்புறம் அப்பீல் போவாங்க, எத்தனை வருஷமோ" என்றார்கள். நாங்களும் தலையாட்டினோம். அந்தப் பெண் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வேண்டாம்னா என்னங்க ஆகும்?"

அவருக்கு யாரும் சரியான பதில் சொல்லவில்லை. அவருடைய வக்கீல் தோளைத் தொட்டு "போடும்மா" என்றார். போட்டார். நானும் என் இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இரவு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரளா வர்மா வழக்கில் 2009-லும் பிரணய் சேத்தி வழக்கில் 2017-லும் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவான வாய்ப்பாடு தந்திருக்கிறது. கொத்தனாருக்கு மாத வருமானம் 12,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் ஆண்டுக்கு 1,44,000. நாற்பது வயதுக்குக் கீழே சொந்தமாக உழைத்துச் சம்பாதித்தவர் என்பதால் எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும், 2,01,600. நம்பியிருப்பவர்கள் நான்கு பேர், ஆகவே அவருடைய சொந்தச் செலவுக்கென்று நாலில் ஒரு பங்கு கழிவு, 1,51,200. முப்பத்து நான்கு வயதுக்குப் பெருக்கு எண் 16. மொத்தம் 24,19,200. ஈமச் செலவு முதலானவை தனி. வருமானத்துக்குச் சான்று இல்லை என்று தீர்ப்பாயம் குறைத்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கை அந்தப் பெண்ணிடம் ஒரு துண்டுத் தாளில்கூட யாரும் போட்டுக் காட்டவில்லை. 14 லட்சத்துக்கும் 24 லட்சத்துக்கும் நடுவில் இருந்த பத்து லட்சம் என்ன? அது தாமதத்தின் விலை. நீதிமன்றம் தாமதிக்கிறது, அந்தத் தாமதத்துக்கு ஒரு கொத்தனாரின் மனைவி பணம் கட்டிவிட்டுப் போனார்.

அவர் கேட்ட கேள்விக்குச் சட்டத்தில் அருமையான பதில் இருக்கிறது. வேண்டாம் என்றால் கட்டு திரும்ப நீதிமன்றத்துக்கே போகும். எந்த நிலையில் விட்டதோ அந்த நிலையிலிருந்து வழக்கு தொடரும். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அவருக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை அழைத்தாலே போதும். இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்கும்.

லோக் அதாலத் எப்படிப் பிறந்தது என்பதைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் அறிவார்கள், ஓரிரு வரியில் கடந்துவிடுகிறேன். 1976-ல் அரசமைப்பில் 39அ சேர்ந்தது: பணமில்லை என்பதற்காக யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது. 1982-ல் குஜராத்தின் ஜூனாகத் மாவட்டத்து ஊனாவில் முதல் லோக் அதாலத் கூடியது. 1987-ல் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் வந்து, 1995 நவம்பர் 9-ல் நடைமுறை ஆனது. அந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில்தான் நான் நிற்க விரும்புகிறேன். லோக் அதாலத்தில் முடிந்தது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. இவ்வளவு பெரிய பலத்தை அதற்குக் கொடுப்பது எது? நீதிபதியின் அறிவா? சாட்சியமா? இரண்டும் அங்கே இல்லை. இரண்டு தரப்பும் மனதார ஒப்புக்கொண்டார்கள் என்ற ஒற்றைக் காரணம்தான். 2008-ல் பஞ்சாப் மாநிலம் எதிர் ஜலூர் சிங் வழக்கில் இதே கேள்வி எழுந்தது. ஒரு விபத்து வழக்கில் தரப்பினர் ஒத்துப்போகாமலே லோக் அதாலத் தானாக இழப்பீட்டை உயர்த்தி உத்தரவு போட்டிருந்தது. தீர்ப்புச் சொல்லும் வேலை லோக் அதாலத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. சம்மதம் இல்லையேல் அங்கே ஒன்றுமே இல்லை.

என்றால், எது சம்மதம்? வேண்டாம் என்று எழுந்து போக முடிகிறவரின் சம்மதம்தான் சம்மதம் என்பது என் கட்சி. எழுந்து போனால் வழியில் ஏழு வருடம் காத்திருக்கிறது என்று தெரிந்தவர் போடும் கையெழுத்து வேறு வகை. யேல் பல்கலைக்கழகத்தின் ஓவன் ஃபிஸ் 1984-லேயே சமரசத்துக்கு எதிராக ஒரு கட்டுரை எழுதி, பணபலம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் நடுவே பேசி முடிப்பதில் பணபலமே பேசும் என்று எச்சரித்தார். அவரோடு முழுக்க நான் உடன்பட மாட்டேன். எல்லாச் சண்டையும் சட்டக் கேள்வி இல்லை. பாதிச் சண்டை மனத்தாங்கல். ஆனால் அவர் தொட்ட இடம் வலிக்கிற இடம். ஆகவே, நீதிபதிப் பணியிடங்களை நிரப்பாமல் விட்டுவிட்டு, வழக்குத் தேங்குகிறதே என்று மக்களைச் சமரசத்துக்கு அனுப்பினால், அது மாற்றுவழி ஆகாது. நேர்வழியை அடைத்துவிட்டுச் சந்து வழியைக் காட்டுவதுதான்.

நம் ஊருக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. 'பேசி முடிப்பது' என்ற சொல்லுக்கு நம் கிராமங்களில் இரண்டு பொருள். ஒன்று, ராசியாகப் போவது. மற்றது, கட்டப்பஞ்சாயத்து. வட்டிக்காரனும் சாதிப் பெரியவரும் திண்ணையில் உட்கார்ந்து, நிற்கிறவனிடம் "ஒத்துக்கிட்டுப் போ" என்று சொல்வதும் பேசி முடிப்பதுதான். 2011-ல் ஆறுமுகம் சேர்வை வழக்கில், இரட்டைக் குவளையைக் கண்டித்த அதே தீர்ப்பில், கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ஆம் ஆண்டு சமரசச் சட்டம் ஊரளவிலான சமூக சமரசத்துக்கு இடம் கொடுக்கிறது. கூடவே, அதில் எட்டும் உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பாணைபோல நிறைவேற்ற முடியாது என்றும் சொல்கிறது. இது சட்டத்தின் பலவீனம் என்று சில நண்பர்கள் குறைப்படுகிறார்கள். திண்ணையைத் தெரிந்தவன் என்ற முறையில் நான் அதை வரவேற்கிறேன்.

எல்லா வழக்கும் சமரசத்துக்கு உரியதும் இல்லை. 2010-ல் ஆஃப்கான்ஸ் வழக்கில் நீதிபதி இரவீந்திரன் எவை உகந்தவை, எவை ஆகாதவை என்று பிரித்துக் காட்டினார். அந்தத் தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு: உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவில் சமரசத்துக்குரிய விளக்கமும் நீதிமன்றவழி உடன்பாட்டுக்குரிய விளக்கமும் இடம் மாறி அச்சாகி, 2002-லிருந்து எட்டு ஆண்டுகள் அப்படியே இருந்தன, அவர்தான் இரண்டையும் மாற்றிப் படிக்கச் சொன்னார். சமரசத்தை நாடு எவ்வளவு அக்கறையோடு வரவேற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். 2015-ல் மதன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் அழுத்தமாக ஒரு கோட்டைப் போட்டது. பாலியல் வன்கொடுமையில் சமரசம் என்ற நினைப்புக்கே இடமில்லை என்றது. அதைச் சொல்ல வேண்டிய நிலை வந்தது என்பதே நமக்குத் தலைகுனிவு.

ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். நம் மாநில நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69அ பிரிவுப்படி, 89-ஆம் பிரிவின் வழியே வழக்கு முடிந்தால் கட்டிய கட்டணம் திரும்ப வரும். ஒரு வழக்கில் தரப்பினர் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டு வந்தார்கள். நீதிமன்றம் அனுப்பவில்லையே என்று பதிவகம் கட்டணத்தைத் தர மறுத்தது. உச்ச நீதிமன்றம்வரை போய், 2021 பிப்ரவரியில் அவர்களுக்கும் முழுக் கட்டணம் உண்டு என்று தீர்ப்பானது. வீட்டுத் திண்ணையில் ராசியானவனுக்கும் மரியாதை கிடைத்த தீர்ப்பு அது.

இப்போது இணையத்துக்கு வருகிறேன். ஈபே நிறுவனம் ஆண்டுக்குக் கோடிக்கணக்கான வாங்கல்-விற்றல் தகராறுகளை, பெரும்பாலும் மனிதர் தலையிடாமலே, இணையத்தில் தீர்த்துக் காட்டியது. நம் நாட்டில் கொரோனா நம்மைத் திரை முன்னால் உட்கார வைத்தது. 2020 ஏப்ரல் 6 அன்று காணொளி விசாரணைக்கு உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. ஜூலையில் சத்தீஸ்கர் மாநிலம் இணையவழி லோக் அதாலத்தை நடத்தியது. செப்டம்பரில் நுகர்வோர் புகாருக்கு இ-தாக்கில் தளம் வந்தது. நீதிபதி சிக்ரி தலைமையிலான நிதி ஆயோக் குழு 2021-ல் இதற்கென்றே ஒரு கொள்கைத் திட்டம் வெளியிட்டது. சமரசச் சட்டமும் இணையவழிச் சமரசத்தை ஏற்கிறது. திருப்பூரில் வேலை செய்பவர் திருநெல்வேலி வழக்குக்கு ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏற வேண்டியதில்லை. இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

ஆனால் இன்று ஏழைக்கு இணையவழித் தீர்வு முதலில் அறிமுகம் ஆவது எப்படி? வழக்குப் போடுகிறவராக அல்ல. செல்போன் செயலியில் வாங்கிய கடனுக்குத் தவணை தவறியவராக. வாட்ஸ்அப்பில் ஒரு சுட்டி வருகிறது. அதைத் தொட்டால் ஆங்கிலத்தில் நடுவர் விசாரணை அறிவிப்பு. அந்த நடுவரை நியமித்த கை யாருடையது? தகராறின் முடிவில் அக்கறையுள்ள தரப்பு தானே ஒற்றை நடுவரை நியமிக்கக் கூடாது என்று 2019-ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுட்டியைத் தொட்டவருக்கு அது தெரியாது. பல பேர் அதை மோசடிச் செய்தி என்று நினைத்து அழித்தும் விடுகிறார்கள். வராதவர் மேல் ஒருதலைப்பட்ச உத்தரவு ஆகிவிடுகிறது.

என் சொந்த அனுபவம் ஒன்று. இரு தரப்பின் அனுமதியோடு, ஊரும் பேரும் விட்டுச் சொல்கிறேன். 2021-ல் ஒரு பாகப்பிரிவினை வழக்கு காணொளிச் சமரசத்துக்கு வந்தது. நான்கு ஏக்கர் பூர்வீக நிலம், ஒரு கிணறு. அக்கா வாதி, தம்பி பிரதிவாதி. அந்த அம்மாவுக்குக் கல்யாணம் ஆனது 1986-ல். பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் சட்டம் செய்தபோது, அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. மூன்று வருட வித்தியாசத்தில் அவர் வெளியே நின்றார். 2005-ல் மத்தியச் சட்டம் அவரை உள்ளே அழைத்தது. அப்பா 1998-லேயே இறந்துவிட்டதால் அதிலும் சந்தேகம். 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் அந்தச் சந்தேகமும் தீர்ந்தது. முப்பத்து நான்கு வருடம் கழித்து அவர் பாதிப் பங்குக்கு உரியவர்.

காணொளி தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் அந்த அம்மா, "எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க, தம்பிக்கே விட்டுக் கொடுத்தர்றேன்" என்றார். சொல்லிவிட்டு இடது பக்கம் பார்த்தார். வாதி விட்டுக் கொடுக்கிறார், பிரதிவாதி ஏற்கிறார், வழக்கு முடிந்தது. புள்ளிவிவரத்தில் வெற்றி ஒன்று கூடியிருக்கும். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு ஜவுளிக்கடை நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. தம்பி தன் போனை நகர்த்தியபோது அவருடைய கட்டத்திலும் அதே நாள்காட்டி, வேறு கோணத்தில். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்த அம்மாவின் ஊரில் சிக்னல் இல்லை. தம்பி மகன்தான் வண்டியில் அழைத்து வந்து, போனில் இணைப்பைத் தட்டிக் கொடுத்திருக்கிறான். பையன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பாசமாகத்தான் செய்தான். ஆனால் ஒரு வாதி, எதிர்தரப்பின் வீட்டில், எதிர்தரப்பின் போனில், எதிர்தரப்பின் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத் தன் உரிமையைப் பேசிக்கொண்டிருந்தார். மையத்து அறையாக இருந்திருந்தால் தம்பியை வெளியே உட்காரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு அவரோடு தனியாகப் பேசியிருப்பேன். திரையில் நான் எந்தக் கதவைச் சாத்துவது?

அமர்வை அன்று நிறுத்திவிட்டேன். அடுத்த வாரம் தாலுகா சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்கு அவரை மட்டும் வரச் சொன்னேன்.

அதற்காக இணையமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2016-ல் இணையவழித் தீர்ப்பாயம் ஒன்று தொடங்கியது. அடுத்த ஆண்டு முதல் 5,000 டாலர் வரையிலான சில்லறை வழக்குகளும் அங்கேதான். முதல் படியில் கேள்வி கேட்டுக் கேட்டு, உங்கள் வழக்கில் சட்டம் என்ன சொல்கிறது என்று இலவசமாக, எளிய நடையில் விளக்குகிறார்கள். பிறகு இரு தரப்பும் பேசிக்கொள்கிறார்கள். முடியவில்லை என்றால் ஒருவர் உதவிக்கு வருகிறார். அதுவும் ஆகவில்லை என்றால் அதே தீர்ப்பாயம் தீர்ப்புச் சொல்கிறது. அதை நீதிமன்ற உத்தரவாகவே நிறைவேற்றலாம். இணையம் வேண்டாம் என்பவர் காகிதத்திலும் மனு அனுப்பலாம். என்னைக் கவர்ந்தது அதன் வரிசை. முதலில் தகவல், கடைசியில் தீர்ப்பு, நடுவில் சமரசம். எழுந்து போகிறவர் வெட்டவெளிக்குப் போவதில்லை. அடுத்த அறைக்குப் போகிறார்.

நமக்கு இது முடியாத காரியம் இல்லை. மின்நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-ல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் நான் கேட்பது பெரிதில்லை. ஒவ்வொரு தாலுகா நீதிமன்றத்திலும் கதவு சாத்திக்கொள்ளும் ஓர் அறை, ஒரு திரை, நல்ல இணைப்பு. சொந்த வீட்டிலிருந்து தனியாகப் பேச முடியாதவர் அங்கே வந்து பேசட்டும். சமரசத்துக்கு முன்னால் ஒரு தமிழ்த் தாள்: வழக்கு நடந்தால் சட்டப்படி உத்தேசமாக என்ன கிடைக்கும், வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்ற இரண்டு பத்தி. விபத்து வழக்கில் அந்தக் கணக்கு. பெருந்தொகை என்றால், கையெழுத்துப் போடும் முன் வீட்டுக்குப் போய் யோசிக்கச் சில நாள். வெற்றியை எண்ணும்போது, முடிந்த வழக்குகளோடு சேர்த்து, முடித்த பணம் கைக்கு வந்ததா என்பதையும் எண்ண வேண்டும். இவற்றுக்கெல்லாம் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படாது என்பது என் நம்பிக்கை.

அந்த அம்மா அடுத்த வாரம் வந்தார். பஸ் பிடித்துத் தனியாக வந்தார். பாதிப் பங்கு அவருடையது என்று நான் சொன்னதும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கேட்டா உறவு போயிரும்னாங்க. கேக்காமயே போயிருச்சுங்க. அம்மா செத்ததுக்கப்புறம் ஒரு பொங்கலுக்குக் கூப்பிடலை." பாதி வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். ஒரு ஏக்கர், கிணற்றில் நாலு நாளைக்கு ஒரு நாள் தண்ணீர் முறை. அதற்கு மேல் தம்பியைக் கஷ்டப்படுத்த மனமில்லை என்றார். சட்டப்படி கிடைப்பதைத் தெரிந்துகொண்டு விட்டுக் கொடுத்தார். நான் மறுபேச்சுப் பேசவில்லை. தம்பியும் இரண்டு வாரத்தில் ஒத்துக்கொண்டார்.

உடன்பாட்டை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். தமிழில் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பில், எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "இது தப்புங்க. என் ஏக்கருக்குக் கிணறு கிழக்கால இல்லீங்க, மேக்கால."

தம்பி எட்டிப் பார்த்து, "ஆமா, அக்கா சொல்றது சரிதானுங்க" என்றார். திருத்தி எழுதிக்கொண்டு வரக் கால் மணி நேரம் ஆனது. அதன் பிறகுதான் அந்த அம்மா கையெழுத்துப் போட்டார்.